இம்மாதப் பாடம்: துறுதுறுப் பிள்ளையும் லோ வோல்டேஜும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, பதிவேடு எழுதும் முறை என்று பாடம் எழுதுவோம். இந்த மாதம் பிள்ளைகளின் கவனத்தைப் பற்றி எழுதுகிறோம். இதுவும் ஒரு கடன் கேட்டதில் இருந்துதான் ஆரம்பித்தது.

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். விசைத்தறி வேலைக்குப் போகும் ஒரு சகோதரி குழுக் கூட்டத்தில் எழுந்து 6,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம் மவன் அஞ்சாங்கிளாஸ் படிக்கான். ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கான். போர்டுல எழுதிப் போட்டதப் பாத்து எழுதச் சொன்னா பாதிக்கு மேல விட்டுருதான். மந்திரிச்சுக் கயிறு கட்டணும்னு சொல்லுதாக. அதுக்கும் அடங்கலன்னா பள்ளிக்கூடத்த நிறுத்திட்டுத் தறிக்கே கூட்டிட்டுப் போயிருதேன்னு அவுக அப்பா சொல்லுதாக" என்றார்.

அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். எங்களுக்கு ஒரு விஷயம் சுருக்கென்று குத்தியது. ஒரு வருடத்துக்கு முன்பு இதே சகோதரி இதே பையனைப் பற்றி எங்களிடம் கேட்டிருக்கிறார். "ரொம்பச் செல்லம் குடுக்காதீங்க, கொஞ்சம் கண்டிப்பா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டோம். நாங்கள் சொன்ன கண்டிப்பு அந்த வீட்டில் அடியாக மாறியிருந்தது. பையனின் முழங்கையில் கரண்டிக் காம்பு பட்ட தழும்பு இருந்தது. படித்தவர்கள் சொல்கிறார்களே என்று நம்பித்தான் அந்தத் தாய் அடித்திருக்கிறார்.

அந்தத் தவறில் இருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இன்று பாடமாகத் தருகிறோம்.

ஏ.டி.எச்.டி என்றால் என்ன?

பையனைப் பரிசோதித்த டாக்டர்கள் சொன்ன பெயர் ஏ.டி.எச்.டி. தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறார்கள். பெயர்தான் நீளம். விஷயம் மூன்றுதான்.

1. வயதுக்கு ஏற்ற அளவு கவனத்தை ஒரு வேலையில் நிறுத்தி வைக்க முடியாது.
2. உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாது. கை கால் ஆடிக்கொண்டே இருக்கும்.
3. யோசிக்கும் முன்பே செய்துவிடும், கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடும்.

சில பிள்ளைகளுக்கு மூன்றும் இருக்கும். சிலருக்கு முதலாவது மட்டும் இருக்கும். இவர்கள் ஓடமாட்டார்கள், குதிக்கமாட்டார்கள். ஜன்னலைப் பார்த்தபடி கனவு கண்டுகொண்டு இருப்பார்கள். பெண் பிள்ளைகள் பலர் இந்த வகை. "அமைதியான பிள்ளை, ஆனா மந்தம்" என்று பெயர் வாங்கி யார் கண்ணிலும் படாமல் போய்விடுவார்கள். ஆகவே துறுதுறு ஆண் பிள்ளையை மட்டும் தேடாதீர்கள்.

எந்தப் பிள்ளைதான் துறுதுறுவென்று இல்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்டர்கள் சில அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இந்தக் குணங்கள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது 6 மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்க வழக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். வீட்டில் மட்டும் சேட்டை, பள்ளியில் ஒழுங்கு என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

இது ஏதோ பணக்கார வீட்டு வியாதி, பட்டணத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். உலக அளவில் நூற்றுக்கு சுமார் 5 பிள்ளைகளுக்கு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே கோயம்புத்தூர் மாவட்டத்தில் 4 பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரை உள்ள 770 பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 16 பேர், நடுத்தர வீட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 7 பேர். கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகள்.

இது யார் குற்றம்? தாயின் வளர்ப்பும் இல்லை, பாவமும் இல்லை, கண் திருஷ்டியும் இல்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குறை மாதத்தில் பிறப்பது, எடை குறைவாகப் பிறப்பது போன்றவையும் வாய்ப்பைக் கூட்டும். "எங்க மாமனார் சின்ன வயசுல இப்படித்தான் இருப்பாராம்" என்று அந்தச் சகோதரியே பிறகு சொன்னார்.

வோல்டேஜ் கணக்கு

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தறிக்கூடத்தில் வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? மோட்டார் உறுமும், ஆனால் சரியாகச் சுற்றாது. டியூப்லைட் மினுக் மினுக்கென்று அடிக்கும். லைட் கெட்டுப்போகவில்லை. வருகிற கரண்ட்தான் போதவில்லை. அதே நேரம் வோல்டேஜ் எகிறினால் பல்பு பியூஸ் போய்விடும். குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. நடுவில் சரியான அளவு ஒன்று இருக்கிறது.

மூளைக்கும் இப்படி ஒரு வோல்டேஜ் உண்டு. விழிப்பு நிலை என்று சொல்வார்கள். தூங்கி வழிகிறபோது அது அடிமட்டத்தில் இருக்கும். பயந்து நடுங்குகிறபோது உச்சத்தில் இருக்கும். படிக்க, எழுத, கணக்குப் போட இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூளையின் அடித்தண்டில் ஒரு சின்ன நரம்புக் கொத்து இருக்கிறது. அங்கிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனம் மூளை முழுவதும் போய் "எழுந்திரு, கவனி" என்று சொல்கிறது. டோப்பமின் என்று இன்னொன்று, "இது நல்லாருக்கு, இன்னும் பாரு" என்று ஆர்வத்தைக் கொடுக்கிறது. ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளிடம் இந்த இரண்டும் சீராக வேலை செய்வதில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து.

இப்போது ஒன்று கேட்கிறோம். ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு வோல்டேஜ் கூடுதலா, குறைவா?

கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் "கூடுதல்" என்றார்கள். நாங்களும் முன்பு அப்படித்தான் நினைத்தோம். ஆனால் பல ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஒருவர் விழிப்பாக இருந்தால் உள்ளங்கையில் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு வேர்வை சுரக்கும், அதைக் கருவி வைத்து அளக்கலாம். ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகள் பலரிடம் சும்மா இருக்கும்போது அந்த அளவு மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்தது. திரையில் படம் வந்ததும் பொத்தானை அமுக்கு என்று சோதனை வைத்தால் ஒரு தடவை டக்கென்று அமுக்குவார்கள், அடுத்த தடவை ரொம்பத் தாமதமாகும். மினுக் மினுக்கென்று எரிகிற டியூப்லைட் மாதிரியேதான்.

நம்ப முடியவில்லை என்றால் ஆடித்தபசு அன்றைக்கு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். கோமதி அம்மனையும் சங்கரநாராயணரையும் பார்க்கக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். நேரம் ஆக ஆகப் பிள்ளைக்குத் தூக்கம் சொக்கும். ஆனால் உடனே தூங்குமா? துள்ளும், முரண்டு பிடிக்கும், தலைமுடியைப் பிடித்து இழுக்கும், அங்கேயும் இங்கேயும் ஓடும். "தூக்கத்துக்குத்தான் இந்த ஆட்டம் ஆடுது" என்று நாமே சொல்வோம். அசதியில் ஒரு பிள்ளை அதிகமாக ஆடும் என்பது தாய்மார்களுக்கு ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்த விஷயம்.

ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பகல் முழுவதும் கிட்டத்தட்ட இந்த நிலைதான். மூளை மங்கும்போது காலை ஆட்டி, பென்சிலைத் தட்டி, பக்கத்துப் பையனைச் சீண்டித் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளப் பார்க்கிறது. நமக்கு அது சேட்டையாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கு அது கை பம்பு அடிப்பது மாதிரி. அடிக்கிற வரை தண்ணீர் வரும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் காரணம் இது ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில பிள்ளைகளுக்குப் பயம், பதற்றம் சேர்ந்து வோல்டேஜ் எகிறியும் இருக்கும். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு.

கண் பார்க்கிறது, ஆனால் கவனிக்கவில்லை

ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது நமக்கெல்லாம் பழகிய வேலை. முதல் சுளகில் ஒரு கல்கூடத் தப்பாது. மூன்றாவது சுளகு வரும்போது கண் அரிசியில்தான் இருக்கும், கை அளைந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கல் கண் முன்னாலேயே தப்பிவிடும். அன்றைக்குச் சோற்றில் கல் கடிபடும். கண் பார்வை ஒன்று, பார்வைக் கவனம் வேறு. இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள்.

கண்ணில் விழுவது ஆயிரம். அதில் எது வேண்டும் என்று பொறுக்கி எடுப்பது மூளையின் வேலை. மூளையின் வோல்டேஜ் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இந்தப் பொறுக்கும் வேலைதான். நமக்கு மூன்றாவது சுளகில் வருகிற தடுமாற்றம் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் சுளகிலேயே வந்துவிடுகிறது.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது நமக்குச் சின்ன வேலை. அதைப் பிரித்துப் பாருங்கள். தலை தூக்க வேண்டும். எந்த வரி என்று தேட வேண்டும். நாலு சொல்லை மனதில் பிடிக்க வேண்டும். தலை குனிய வேண்டும். நோட்டில் இடம் தேடி எழுத வேண்டும். மறுபடி தலை தூக்கி, விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதி முடிக்க இதுபோல முப்பது நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கவனம் நழுவ இடம் இருக்கிறது. அந்தப் பையன் பாதிக்கு மேல் விட்டது திமிரால் அல்ல.

2005-ல் இங்கிலாந்தில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சரியாகத்தான் செய்தார்கள். நேரம் ஆகி அசதி வந்ததும் அவர்கள் கவனம் வலப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இடப்பக்கம் இருப்பது கவனத்தில் இருந்து நழுவியது. அந்தப் பையன் நோட்டை எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பக்கங்களில் வரியின் முதல் சொல் பல இடத்தில் விடுபட்டிருந்தது. இதனால்தான் என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு "முதல் வார்த்தையத் தொட்டுட்டு எழுது" என்று பழக்கியதில் பலன் தெரிந்தது.

"செல்போன்ல மட்டும் ரெண்டு மணி நேரம் உக்காருதானே?"

கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி இதுதான். "அப்ப மட்டும் கவனம் எங்க இருந்து வருது? நடிக்கான் மேடம்" என்றார் ஒரு சகோதரி.

நடிப்பு இல்லை. செல்போன் விளையாட்டில் நொடிக்கு நொடி வெளிச்சம் மாறுகிறது, சத்தம் வருகிறது, உடனே மார்க் கிடைக்கிறது. அதாவது வோல்டேஜை வெளியில் இருந்து ஏற்றிக்கொடுக்கிறது. கரும்பலகை அப்படி ஏற்றிக்கொடுப்பதில்லை, பிள்ளை தானாகத் தயார் செய்ய வேண்டும். இவனால் முடியாதது அதுதான். அதற்காகச் செல்போனைக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. ராத்திரி செல்போன் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

அடித்தால் பாடம் ஏறுமா?

1908-லேயே அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டி எது, கறுப்புப் பெட்டி எது என்று எலி கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும். தவறான பெட்டிக்குள் போனால் ஷாக். வித்தியாசம் எளிதாகத் தெரிந்தபோது ஷாக் கூடக் கூட எலி சீக்கிரம் கற்றது. வெளிச்சத்தைக் குறைத்து, வித்தியாசம் கண்டுபிடிப்பதைக் கஷ்டமாக்கியபோது நிலைமை மாறியது. ஷாக் அதிகமானதும் எலி கற்பது மெதுவாகிவிட்டது.

பிள்ளைகள் எலி அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். அடி, மிரட்டல் எல்லாம் வோல்டேஜை ஒரே தூக்காகத் தூக்கிவிடும். தண்ணீர்க் குடத்தை எடுத்து வா என்ற எளிய வேலை அடிக்குப் பயந்து நடக்கும். வகுத்தல் கணக்கு நடக்காது. அடித்த அன்றைக்கு அடங்கி உட்கார்ந்திருப்பான். பாடம் ஏறியிருக்காது. பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனை கூடாது என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. வீட்டுக்கு அந்தச் சட்டத்தை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

கவனம் இல்லாத பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி இருக்கிறது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. இவற்றை முதலில் பாருங்கள்.

- கண் பார்வை சரியா? போர்டு தெரியாத பிள்ளை எப்படிக் கவனிக்கும்?
- காது நன்றாகக் கேட்கிறதா? காதில் சீழ் வடிகிறதா?
- ரத்த சோகை, பூச்சித் தொல்லை இருக்கிறதா?
- போதுமான தூக்கம் இருக்கிறதா? 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. குறட்டை விட்டு, மூச்சுத் திணறித் தூங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
- வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறதா? 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பல ஊர்களில் சமைப்பது நம் குழுச் சகோதரிகள்தான். பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பதும் நம் வேலை.
- கண்ணைத் திறந்தபடி சில நொடி அப்படியே உறைந்துபோய், கூப்பிட்டாலும் தெரியாமல் இருக்கிறதா? அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.
- வீட்டில் குடி, சண்டை, யாராவது பயமுறுத்துவது உண்டா? அதுவும் கவனத்தைக் கெடுக்கும்.

வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடியவை

1. கண்ணுக்கு முன் காதை எழுப்புங்கள். "இங்க பாரு" என்று தூரத்தில் இருந்து கத்த வேண்டாம். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, பேரைச் சொல்லி, மேசையில் ஒரு தட்டு தட்டி, அப்புறம் காட்டுங்கள். காட்டப் போவதற்குச் சற்று முன் ஒரு சின்னச் சத்தம் வந்தால் யாருக்குமே கண் சுறுசுறுப்பாகும்.

2. வேலையைத் துண்டு போடுங்கள். 10 நிமிடம் எழுத்து, 2 நிமிடம் நடை. ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பயன் இல்லை.

3. அசைய விடுங்கள். தண்ணீர் எடுத்து வர, நோட்டுகளைக் கொடுக்க, கோழிக்குத் தீனி போட அனுப்புங்கள். நின்றுகொண்டு படித்தால் படிக்கட்டும். கால் ஆடினால் ஆடட்டும். எழுத்து நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. பார்க்க வேண்டியதைக் குறையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை நீளமாக வெட்டி, படிக்கும் வரிக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கணக்கு போதும்.

5. ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தையை விரலால் தொட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

6. முன் பெஞ்சில், வாசலுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். கஷ்டமான பாடத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். "பல்லு விளக்கி, குளிச்சு, பையை எடுத்து வச்சு..." என்று அடுக்கினால் முதலாவது மட்டும்தான் நிற்கும்.

8. செய்து முடித்த உடனே பாராட்டுங்கள். ராத்திரி சொல்லலாம் என்று வைத்திருந்தால் அதற்குள் மறந்துவிடும்.

9. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனையும் டிவியையும் நிறுத்துங்கள்.

சுவீடன் நாட்டில் இருந்து 2007-ல் வந்த ஓர் ஆய்வில், மழை இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தம் இருந்தபோது ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், மற்றப் பிள்ளைகள் தடுமாறினார்கள். அதனால் சில பிள்ளைகளுக்கு மின்விசிறிச் சத்தம்கூட உதவலாம். அதற்காகத் தறிக்கூடத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். தறிச் சத்தம் காதையே கெடுத்துவிடும்.

மருந்து வேண்டுமா?

சில பிள்ளைகளுக்குத் தேவைப்படும், சிலருக்குத் தேவைப்படாது. சின்னப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக 6 வயதுக்குள், பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதுதான் முதல் வழி. பெரிய பிள்ளைகளுக்கு மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

இந்த மருந்துகளில் ஓர் ஆச்சரியம் உண்டு. 1937-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், நடத்தைப் பிரச்சினை இருந்த 30 பிள்ளைகளுக்கு மூளையை எழுப்பும் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். இன்னும் ஆடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பாதிப் பேர் பள்ளிப் பாடத்தில் கவனமாக உட்கார ஆரம்பித்தார்கள். இன்று தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தும் அந்த வகைதான். டோப்பமின், நார்அட்ரினலின் இரண்டையும் கூட்டுகிறது. தூங்கவைத்து அடக்குகிற மருந்து இல்லை. வோல்டேஜைச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிற ஸ்டெபிலைசர் மாதிரி.

ஆனால் கவனம் தேவை. பசி குறையலாம், தூக்கம் குறையலாம். எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தர வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மருந்து இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததை நம் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. நாமாக நிறுத்தவும் கூடாது.

எங்கே போவது?

- பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டியும் இருக்கிறது.
- வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைத் தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள்.
- சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ போகலாம்.
- 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் டெலி மானஸ் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். தமிழில் பேசலாம்.

போகும்போது பிள்ளையின் நோட்டுப் புத்தகம் இரண்டையும், ஆசிரியர் எழுதிக் கொடுத்த குறிப்பையும் எடுத்துப் போங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி தனியாக இல்லை. ஆகவே "அட்டை வாங்கித் தாரேன்" என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். கூடவே கற்றல் குறைபாடு இருந்தால் அது பட்டியலில் உண்டு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் குழு என்ன செய்தது?

அன்றைக்கு உறுப்பினர்கள் பேசி முடிவெடுத்தார்கள். மந்திரிக்க 6,000 இல்லை. திருநெல்வேலி போய்வர பஸ் செலவு, இரண்டு நாள் கூலி இழப்பு என்று 1,500 ரூபாய் கடன் என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். பிரதிநிதி கூடவே போனார். பையனின் அப்பாவிடம் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், அதைவிட முக்கியமாக, பையனுக்கு என்ன பிரச்சினை என்பதையும் இரண்டு பேர் போய்ப் பொறுமையாகச் சொன்னார்கள். அந்த அம்மாவிடம் நாங்கள் நேரில் போய், "போன வருஷம் நாங்க சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க" என்று கேட்டோம்.

பையன் இன்றைக்கு முதல் மார்க் வாங்கிவிடவில்லை. இன்னும் பென்சில் தொலைகிறது, இன்னும் சட்டைப் பொத்தானைக் கடிக்கிறான். ஆனால் வகுப்புக்குக் குடிதண்ணீர் எடுத்து வைப்பது அவன் பொறுப்பு. அரைப் பக்கம் எழுதியவன் இப்போது ஒரு பக்கம் எழுதுகிறான். தறிக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் போகிறான். "அவனை அடிச்ச கை இப்பவும் வலிக்கு மேடம்" என்று அவன் அம்மா சொன்னார். அந்த வலி இன்னொரு வீட்டில் வரக் கூடாது.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

ஒரு உழக்கு அரிசியில் 20 சின்னக் கல்லைக் கலந்து வையுங்கள். இப்படி மூன்று சுளகு. ஒரு சகோதரி பேசாமல், அசையாமல் மூன்றையும் தொடர்ந்து பொறுக்கட்டும். ஒவ்வொரு சுளகிலும் எத்தனை கல் தப்பியது என்று எழுதுங்கள். பிறகு எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, கை தட்டிவிட்டு நான்காவது சுளகைப் பொறுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

கலந்து பேச

1. நம் ஊரில் "மந்தம்", "சேட்டை" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் யார் யார்? அவர்களுக்குக் கண், காது பரிசோதனை நடந்திருக்கிறதா?
2. நம் குழுப் பெண் பிள்ளைகளில் சத்தம் போடாமல் பின்தங்கும் பிள்ளை யாராவது உண்டா?
3. பிள்ளையை அடிக்காமல் இருக்க ஒரு தாய்க்கு என்ன உதவி வேண்டும்? அதில் குழு எதைச் செய்யலாம்?
4. மருத்துவமனைக்குப் போய்வரச் சிறு கடன் கொடுக்க நம் குழுவில் தீர்மானம் போடலாமா?

உங்கள் குழுவில் பேசியதை ஊக்குநர் மூலம் எழுதி அனுப்புங்கள். சுளகுச் சோதனையில் எத்தனை கல் தப்பியது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.